தாங்கியும் தகுதியுடையதே

மும்பையில் செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1965-இல் தோன்றிய உர ஆலையில், இன்று இயற்கை வாயுவிலிருந்து அம்மோனியா ஆக்கப்படுகிறது. இதற்கு வேண்டிய ஹைட்ரஜன், அவ்வாயுவும் நீராவியும் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நிக்கல் வினையூக்கியின்மீது கூடுவதால் கிடைக்கிறது. நிக்கல் உருகுவது 1,455 டிகிரியில். ஆயினும் அதன் நுண்துகள்கள் 600 டிகிரியை அணுகும்போதே இடம்பெயர்ந்து ஒன்றுசேரத் தலைப்படும்; பரப்புக் குறையும்; வினையும் தளரும். துகள்களை விலக்கிப் பரப்பி, இறுகப் பற்றி, இக்கேட்டைத் தாமதப்படுத்துவது அலுமினிய ஆக்சைடு போன்ற தாங்கியே. அதனை வெறும் ஏந்துதட்டு எனக் கருதுதல் பிழை. தாங்கியின் நுண்துளைகள் வெப்பத்தில் இடிந்தால் உலோகமும் வீணாகும். ஆகவே, புதிய உலோகங்களை நாடும் ஆராய்ச்சிக்குரிய ஊக்கம் தாங்கியின் வெப்ப உறுதிக்கும் கிட்டுதல் வேண்டும். வினையூக்கியின் முதல்நாள் வேகத்தினும் அதன் நெடுநாள் உழைப்பே உழவர்க்குப் பயன் தருவது.