இன்னும் எத்தனை மாதம் பொறுப்பது?

நலமாயிருந்த நாளில் கட்டிய பணத்தை நலிந்த நாளில் திரும்பப் பெறுவதற்குப் பெயர்தான் காப்புறுதி. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்காகத் தொழிலாளியின் ஊதியத்தில் நூற்றுக்கு 6.2 பங்கு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். ஆயினும் அத்தொழிலாளி உடல் முடங்கி வீழ்ந்தால், ‘ஐந்து முழு மாதங்கள் பொறுத்திரு’ என்கிறது சட்டம்.

ஏன் பொறுக்க வேண்டும்? விரைவில் குணமாகும் நோய்க்கெல்லாம் பணம் தரலாகாது என்பார்கள். நல்லது. ஆனால் குறைந்தது 12 மாதம் நீடிக்கக்கூடிய, அன்றி மரணத்தில் முடியக்கூடிய ஊனத்தையே அச்சட்டம் ஊனமென ஒப்புக்கொள்கிறது. சலித்தெடுத்த மாவை மீண்டும் சலிப்பானேன்?

மருத்துவ வசதியின் கதை இதனினும் கொடியது. 65 வயதை எட்டாதவருக்கு, உதவித்தொகை பெறும் உரிமை தொடங்கி 24 மாதங்கள் சென்ற பின்னரே மெடிகேர் கிட்டும். ஆக 29 மாதங்கள்! 1972-ஆம் ஆண்டுத் திருத்தம் இட்ட கணக்கு இது. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்கு மட்டும் 2001-இல் மெடிகேர் காத்திருப்பும், 2020 இறுதியில் இயற்றிய சட்டத்தால் ஐந்து மாதக் காத்திருப்பும் நீக்கப்பட்டன. வரவேற்கிறோம். அவர்களுக்கு அவகாசமில்லை என உணர்ந்தவர்கள், முற்றிய புற்றுநோயாளிக்கு அவகாசம் இருப்பதாக எந்த ஏட்டில் படித்தார்கள்?

வறிய முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் 1974 முதல் வேறொரு துணை வருமானத் திட்டம் நடைபெறுகிறது. அதனைப் பெறுவோர் கையில் 2,000 டாலருக்குமேல் சேமிப்பு இருத்தல் கூடாது, தம்பதியாயின் 3,000. குடியிருக்கும் வீடும் ஒரு வாகனமும் கணக்கில் சேரா என்பது மெய்யே. ஆனால் இவ்வரம்பு 1989-இல் வந்து நின்ற இடத்திலேயே முப்பதாண்டுகளுக்கு மேலாக உறைந்து கிடந்தது. விலைவாசி ஏறுகிறதென்று உதவித்தொகையை ஆண்டுதோறும் உயர்த்துகிறவர்களுக்கு, வரம்பைத் தொடும்போது மட்டும் விலைவாசி மறந்துபோகிறது! தனித்தனியே வாழும் இருவர் ஆளுக்கு 2,000 வைத்துக்கொள்ளலாம். மணமுடித்தால் ஆயிரம் குறையும். இல்லறத்துக்கு அபராதம் விதிக்கும் அரசை என்னென்பது? உழைப்புக்கும் இதே மரியாதைதான். மாதக் கூலியில் முதல் 65 டாலரை விட்டுவிட்டு, அதற்குமேல் இரண்டு டாலர் ஈட்டினால் உதவியில் ஒரு டாலரை வெட்டுகிறார்கள். அந்த 65 என்பது 1974-இல் நடைமுறைக்கு வந்த எண்!

நிதி எங்கே என்பது வழக்கமான வினா. செலவு ஆகத்தான் செய்யும். முழு ஓய்வு வயதை எட்டியவர் எவ்வளவு ஈட்டினாலும் ஓய்வூதியத்தைப் பிடிப்பதில்லை என 2000-இல் திருத்தம் செய்தபோது, உடல் வலுவோடு வேலைக்குச் செல்லும் முதியவருக்கு அவ்வினா குறுக்கே நிற்கவில்லை. படுக்கையில் கிடப்பவனுக்குத்தான் நிற்கிறது.

சேமிப்பு வரம்பைத் தனியருக்கு 10,000, தம்பதிக்கு 20,000 டாலராக்கி, விலைவாசியோடு பிணைக்கும் மசோதாவை 2023-இல் ஜனநாயகக் கட்சியின் ஷெராட் பிரௌனும் குடியரசுக் கட்சியின் பில் காசிடியும் செனட்டில் கூட்டாகவே கொண்டுவந்தனர். எதிரெதிர்க் கட்சியினர் கைகோத்தும், அந்தக் காங்கிரஸின் காலம் முடியும்வரை அது நிறைவேறவில்லை.