மலைவழியும் சுதேசி நாயும்

நாயுடன் மலையேறுவது நேற்று வந்த நாகரிகம் என்று சிலர் எண்ணுகிறார்கள். மகாப்பிரஸ்தானம் புறப்பட்ட தருமபுத்திரரை இமயத்தின் உச்சிவரை விடாது தொடர்ந்தது ஒரு நாயே அல்லவா? வாகனத்தில் நாய்க்கு இடமில்லையென்று மறுத்தவர்களில் தேவேந்திரனே முதல்வன். இக்காலத்துப் பஸ் கண்டக்டர்கள் அவன் வழிவந்தவர்கள் போலும்! ஆகையால், மோட்டார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வாய்த்தாலன்றி இந்தப் பிரயாணம் நம் போன்றவர்களுக்குக் கைகூடாது.

சென்ற விடுமுறையில் அவ்விதம் ஒரு நண்பர் வாய்த்தார். சேலத்திலிருந்து விடியற்காலையில் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். உடன் வந்த நாய்கள் இரண்டு. ஒன்று நண்பருடைய இராஜபாளையம். பால்போல் வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு. மற்றது அவர் மைத்துனர் பெருந்தொகை கொடுத்து வாங்கிய சைபீரிய ஹஸ்கி. அடிவாரத்துக்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மனிதரைப் போலவே நாய்க்கும் குமட்டும். ஆதலால் இரண்டையும் வெறும் வயிற்றோடு அழைத்து வந்து, நடுவழியில் நிறுத்தித் தண்ணீர் மட்டும் காட்டினோம்.

ஏரிக்கரையில் வண்டியை விட்டு, காப்பித் தோட்டங்களின் ஊடே சேர்வராயன் கோயிலை நோக்கி நடந்தோம். பத்து மணி வெயிலுக்கே ஹஸ்கி நாக்கைத் தொங்கவிட்டு நிழலில் படுத்துவிட்டது. பனிப் பிரதேசத்துக்கென அமைந்த இரட்டை ரோமப் போர்வையைச் சுமந்துகொண்டு அது வேறென்ன செய்யும்? நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே உஷ்ணத்தைத் தணிக்கவேண்டும். இராஜபாளையமோ ராஜநடை போட்டது. நமக்குச் சுதேசிப் பெருமிதம் பொங்கிற்று என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

ஒரு திருப்பத்தில் பின்புறமிருந்து லாரி ஒன்று ஹாரன் முழக்கி வந்தது. ஹஸ்கி துள்ளி விலகிற்று. இராஜபாளையம் காதைக்கூட அசைக்கவில்லை. நண்பர் வாரைச் சுண்டி இழுத்திராவிட்டால் அன்றோடு அதன் கதை முடிந்திருக்கும். "பிறவிச் செவிடு ஐயா!" என்றார் அவர், சாதாரணமாக.

இராஜபாளையத்தில் இது அபூர்வமன்று. மேனிக்கு நிறம் தரும் அணுக்கள் உட்செவிக்கும் தேவை; அவை அங்கே இல்லாதபோது குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கேள்விப்புலன் அழிந்துவிடுகிறது. வெள்ளைக்கே விலை என்று வாங்குவோர் அடம்பிடிக்க, வளர்ப்போர் வெள்ளையோடு வெள்ளையையே சேர்க்கிறார்கள். 2005-ல் இந்நாய்க்குத் தபால் தலை வெளியிட்டோம். 2020-ல் பிரதம மந்திரி வானொலியில் நம் நாட்டு நாய்களைப் புகழ்ந்தார். சந்தோஷம். ஆயினும் வெண்மை மோகத்துக்காகச் செவிட்டுச் சந்ததியைப் பெருக்குவது எந்த ரகத்துத் தேசபக்தி என்று நமக்கு விளங்கவில்லை. குட்டி வாங்கப் போகிறவர்கள், அது காணாதபடி பின்னால் நின்று கைதட்டிப் பார்க்கட்டும்; ஒரு காது மட்டும் கேளாதிருப்பதை இச்சோதனை காட்டாது, அதற்குக் கால்நடை வைத்தியரிடம் கருவி உண்டா என்று விசாரிக்க வேண்டும்.

கோயில் குகைக்குள் நாய்களை அழைத்துச் செல்லாமல், முறைபோட்டுக்கொண்டு தரிசித்தோம். காட்டுப் பக்கம் அவற்றை அவிழ்த்துவிடவும் இல்லை. நாய்களிடம் காணும் டிஸ்டெம்பர் என்னும் நோய் பரவி, 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு மாண்டது. நம் காட்டு ஜீவன்களுக்கு அந்தக் கதி வேண்டாம். ஊசி போடாத நாயை மலைக்கு அழைத்துச் செல்லவே கூடாது.

குப்பனூர்ப் பாதையாக இறங்கும்போது மைத்துனர், கோம்பை நாய்க்குட்டி எங்கே அகப்படும் என்று மெல்ல விசாரித்தார். தேனி ஜில்லாவில் கோம்பை என்ற ஊரே இருக்கிறது என்றோம். நிறம் செவலை, முகம் கறுப்பு என்பதையும் முன்னதாகவே சொல்லிவைத்தோம்.