கூரையும் வளர்ச்சி அட்டையும்

சித்திரை பிறந்ததும் கத்திரி வெயிலைப் பற்றி எச்சரிக்கை விடுப்பது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது; ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வயலிலும் சாலையிலும் உழைப்போரையும் முதியோரையும் உத்தேசித்து எழுதப்படுபவை என்பதையும், நண்பகலில் வெளியே செல்ல வேண்டா என்னும் அவற்றின் பிரதான உபதேசம், வெயிலில் கால் வைக்காமலே ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ்த் தொட்டிலில் வேகும் சிசுவுக்கு யாதொரு பிரயோஜனமும் அளிப்பதில்லை என்பதையும், குழந்தை வைத்தியத்திலும் அங்கன்வாடிப் பணியிலும் ஈடுபட்டுள்ள நாமே எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது வரவேற்கத்தக்கதே.

எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு பெரியவர்களுடையதைவிட மிக அதிகமாதலால், அறையின் உஷ்ணம் தோலின் உஷ்ணத்தைத் தாண்டும் வேளையில் அதன் சரீரம் வெப்பத்தை விரைந்து ஏற்றுக்கொள்கிறது. வியர்க்கும் திறனோ குறைவு. கிலோ ஒன்றுக்கு அதற்கு வேண்டிய நீர் நமக்கு வேண்டியதைப்போல் பன்மடங்கு. கேட்டு வாங்கிக் குடிக்கும் வல்லமையும் அதற்கு இல்லை. பகலெல்லாம் காய்ந்த கூரை முன்னிரவிலும் அனலைக் கக்க, தூக்கம் கெட்டுச் சிணுங்கும் குழந்தை மறுநாள் சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மே, ஜூன் மாதங்களில் அதன் எடை ஏறாமல் நின்றால், காய்ச்சலில்லை, வயிற்றுப்போக்கில்லை, ஆகவே தாய் சரியாக ஊட்டவில்லை என்று தீர்ப்புக் கூறிவிடுவது நம்மவர்க்கு எளிதாக இருக்கிறது. கூரை என்ன கூரை என்று கேட்பவர் எத்தனை பேர்?

கைக்குழந்தைக்குக் கோடையில் தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ புகட்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 88 பங்கு நீரே; முதல் ஆறு மாதங்களுக்கு, எவ்வளவு கடுமையான வெயிலானாலும், வேறு பானம் அவசியமில்லை. பாட்டிமார்களைக் கடிந்துகொள்வதில் நாம் காட்டும் உற்சாகத்தில் பாதியையேனும், பால் கொடுக்கும் தாய்க்கு வேளைக்கொரு செம்புத் தண்ணீரும் சற்றே ஓய்வும் கிடைக்கச் செய்வதில் காட்டினால் நன்று.

மற்றொரு பேரிடராகிய வெள்ளத்தைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை, 2015 டிசம்பரில் சென்னை கண்ட பெருவெள்ளத்திற்குப் பின், நீர் வடிந்ததும் வயிற்றுப்போக்கும் கொசுவும் வரும் என்பதை அறியாதவர் நம்மில் இலர், ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் பதினான்கு நாள் துத்தநாக மருந்தும் மழைக்கு முன்பே அங்கன்வாடி மையத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே.

வெப்பமோ அவ்வாறு ஆரவாரத்துடன் வருவதன்று. அதை அளந்தாலன்றி அறிய முடியாது. 1980-இல் இங்கே தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், குழந்தையை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை எவ்வளவு என்பதினும் அது ஏறுகிறதா நிற்கிறதா என்பதையே கவனிக்கும் கிரமத்தைக் கிராமங்களில் பரப்பிற்று. எடையைக் குறிக்கும் அந்த வளர்ச்சி அட்டையிலேயே அறையின் உஷ்ணத்திற்கும் ஓர் இடம் ஒதுக்கலாகாதா? மே மாதத்தில் மையங்களுக்குச் சில நாள் விடுமுறை அளித்துச் சத்துமாவை வீட்டுக்கே கொடுத்தனுப்பும் ஏற்பாடு, ஓய்வறியாத பணியாளர்களுக்கு நியாயமானதே எனினும், காற்றோட்டமான ஓட்டுக் கட்டடத்திலிருந்து தகரக் கூரையின் கீழ்க் குழந்தையை அனுப்பும் இடங்களில் அது குழந்தைக்கு நன்மையாகாது என்பது நமது அபிப்பிராயம். எங்கே மூடலாம், எங்கே மூடலாகாது என்று பகுத்துச் சொல்லப் பதிவேடு வேண்டும்.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வரும் ஏப்ரல் முதல் ஜூலை வரை, எடை பார்க்கும் நாளன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, குழந்தை படுத்துறங்கும் அறையில் சுவர் வெப்பமானி ஒன்றை வைத்துப் பார்த்து, அந்த அளவையும் கூரையின் வகையையும் எடைக்குப் பக்கத்திலேயே குறித்து, குழந்தைகளின் பெயரை நீக்கி எமக்கு அனுப்பி உதவுங்கள்.