எதிர்ப்பு சக்தி டின்னில் வராது

ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. எதிர்ப்பு சக்தி என்பது உடம்பில் ஏறி இறங்கும் ஒரே பலமாம். மூலிகைப் பவுடரோ சத்து மாத்திரையோ கொடுத்து அதை ஏற்றிவிட்டால் எந்தக் கிருமியும் அண்டாதாம். ஊசியே போடாமல் திடமாக வாழ்ந்த தோட்டத்துத் தாத்தா பாட்டிகள் இதற்குச் சாட்சியாம். இந்த நம்பிக்கை பொய். அதைப் பேராக் மண்ணே ஒருமுறை காட்டியிருக்கிறது.

1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தோன்றியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிப் புகை அடித்தார்கள். அதற்குரிய தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களும் படுக்கையில் விழுந்தார்கள். நோயுற்றவர்களில் பெரும்பாலோர் பன்றிகளோடு மல்லுக்கட்டி வேலை செய்த, உடம்பில் வலுவுள்ள ஆண்கள். நோய் நெகிரி செம்பிலானுக்குத் தாவிய பிறகு, 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா ஆனது. 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்றது.

உழைத்து உரமேறிய உடம்பு ஏன் காக்கவில்லை? போட்ட ஊசி ஏன் காக்கவில்லை? எதிர்ப்பு சக்தி வேலை செய்யும் விதத்தில்தான் விடை இருக்கிறது.

கிருமி நுழைந்த இடத்தில் டென்ட்ரிடிக் செல் என்னும் காவல் செல் அதை விழுங்கி, அதன் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. பத்து, இருபது அமினோ அமிலம் நீளமுள்ள அந்தத் துண்டுகளை எம்.எச்.சி. என்ற தாங்கிப் புரதத்தில் பதித்து, மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போகிறது. அதுதான் தோட்டத்தில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரட்டுக்களம் மாதிரி. விடியற்காலைப் பெரட்டில் கூப்பிட்ட பெயருக்கு அந்தப் பெயர்க்காரர் மட்டுமே குரல் கொடுப்பார். அப்படித்தான், ஏந்திக் காட்டப்படும் துண்டுக்குப் பொருந்துகிற ஏற்பி உள்ள டி செல் என்னும் வெள்ளணு மட்டுமே விழிக்கிறது. கூடவே ஆபத்தைச் சொல்லும் இரண்டாவது சைகையும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் பொருந்திய செல்லும் ஓய்ந்துவிடும். விழித்த டி செல் பல்கிப் பெருகுகிறது. ஒரு வகை, வைரஸ் புகுந்த செல்களைக் கொல்கிறது. இன்னொரு வகை, எதிர்ப்பொருள் தயாரிக்க பி செல்களுக்கு உதவுகிறது. இதற்குப் பல நாட்கள் ஆகும். கொல்லும் கிருமிக்கு அந்த நாட்களே போதும்.

டி செல் கிருமியைத் தனியாகப் பார்ப்பதில்லை, தாங்கியோடு சேர்த்தே அடையாளம் காண்கிறது என்பதை 1974-ல் கான்பெராவில் கண்டுபிடித்த டோஹெர்டியும் சிங்கர்நாகலும் 1996-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி அந்நோயின் வைரஸுடைய துண்டுகளைத்தான் காட்டியது. நிப்பா வேறு குடும்பம். அதன் துண்டுகளை அந்த உடம்புகள் ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை. இப்படிக் குறிப்பான அடையாளத்தில் நடக்கும் வேலையை எந்தப் பவுடர் செய்யும்? தட்டம்மையின் ஒரு துண்டாவது அந்த டின்னில் உண்டா?

நல்ல உணவு வேண்டும், மறுக்கவில்லை. பட்டினி கிடக்கும் உடம்பில் டி செல்களும் நலிந்துபோகும். ஆனால் நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தியை மேலும் மேலும் ஏற்ற வேண்டும் என்பது நல்ல யோசனையும் அல்ல. டி செல்கள் சொந்த உடம்பின் துண்டுகள்மீதே பாய்ந்தால், குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவும் முடக்குவாதமும் வந்து சேரும். விழிப்பதற்கு இத்தனை தடைகளை உடம்பு வைத்திருப்பது அதனால்தான்.

தாத்தா பாட்டி பேச்சுதான் என்னை மிகவும் கோபப்படுத்துகிறது. மலாயாத் தோட்டங்களில் மலேரியாவும் காசநோயும் வயிற்றுப்போக்கும் நம் சனத்தை வாரிக்கொண்டு போயின. பிழைத்தவர்கள் வழி வந்த நாம், பிழைத்தவர்களை மட்டும் எண்ணுகிறோம். லயத்து வீடுகளில் தவழும் வயதிலேயே போன பிள்ளைகளுக்குப் பேரன் பேத்திகள் இல்லை, அவர்களைப் பற்றிப் பேசுவதற்கு.

பெற்றோரே, டின்னுக்குக் கொடுக்கும் காசை மீனுக்கும் முட்டைக்கும் கீரைக்கும் கொடுங்கள். பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். பிறந்தவுடன் போட வேண்டிய பி.சி.ஜி., 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போட வேண்டிய தட்டம்மை ஊசி, இவற்றில் ஏதாவது விடுபட்டிருந்தால் அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துப் போங்கள். மலேசியப் பிள்ளைகளுக்கு அங்கே இலவசம்.