டென்ட்டைத் தூக்கு, வெள்ளாத்தோட போ!

'நார்த் கோஸ்ட் 500' வீடியோ பார்த்துப் பெருமூச்சு விடுற கோஷ்டி எல்லா க்ளாஸ்லயும் ஒண்ணு இருக்கு. ஸ்காட்லாந்தோட வடக்குக் கரையை ஒட்டி, இன்வெர்னஸ்ல கிளம்பி இன்வெர்னஸ்லயே முடியற 830 கிலோமீட்டர் ரூட் அது. 2015-ல அந்தப் பேரோட ஆரம்பிச்சாங்க. ஜில்லுனு காத்து, ஒரு டென்ட், காலையில கண்ணைத் திறந்தா கடல். அங்க 2003-ல வந்த சட்டப்படி, நாகரிகமா நடந்துக்கிட்டா பெரும்பாலான திறந்தவெளியில டென்ட் போடலாம். கேட்கவே பொறாமையா இருக்குல்ல?

பொறாமைப்படறதுக்கு முன்னாடி சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுல போய் நில்லுங்க பாஸ். கீழே ஓடுற வெள்ளாறு புவனகிரி வழியா பரங்கிப்பேட்டையில கடல்ல கலக்குது. சைக்கிள்ல அரை நாள் பயணம். அங்கிருந்து வடக்கே திரும்பினா சாமியார்பேட்டை, அப்புறம் கடலூர். நமக்கான 'நார்த் கோஸ்ட்' இதுதான்! குளிர் பத்தாதேன்னு சொல்லாதீங்க. தை மாச ராத்திரி இங்க இருபது டிகிரி பக்கம் இறங்கும். ஸ்காட்லாந்து வடகரையில ஜூலை மாசப் பகலே அதைவிடக் குளிர்தான், அது அவங்க தலையெழுத்து. அவங்களுக்கு மிட்ஜ்னு ஒரு குட்டிப் பூச்சி, நமக்குக் கொசு. சரிக்குச் சரி.

இந்தக் கரைக்கு டூர் போறது நம்ம ஏரியாவுக்குப் புதுசும் இல்ல. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமியே கிள்ளை கடற்கரைக்கு வந்து தீர்த்தவாரி முடிச்சுப் போறார். கிள்ளையில முஸ்லிம் மக்கள் அவரை வரவேற்கிறாங்க. ஊர் ஊரா தங்கி, வழியில மரியாதை வாங்கி... டூர்னா அது!

ஆனா எப்போ போறதுங்கறது விளையாட்டு இல்ல. சுனாமி 2004 டிசம்பர் 26. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. ரெண்டுமே மார்கழி. செமஸ்டர் லீவும் ஜில்லுனு காத்தும் அப்பத்தான் கிடைக்குதுன்னு டென்ட்டோட கிளம்பாதீங்க. தை பிறக்கட்டும். காணும் பொங்கல் கும்பலும் சில்வர் பீச்சை விட்டுப் போகட்டும்.

அடுத்தது, எங்கே போடறது? நாம 'காலி பீச்'னு நினைக்கிற இடம் ஒருத்தரோட பட்டறை. வலை காயும், படகு ஏறி இறங்கும், விடியறதுக்கு முன்னாடி வேலை ஆரம்பிச்சுடும். ஸ்காட்லாந்து மாதிரி சட்டம் நமக்கு இல்ல, அதனால ஊர்ல கேட்டுட்டுத்தான் போடணும். சாமியார்பேட்டை பக்கம் நாங்க கேட்டப்போ, வலை பின்னிட்டிருந்த ஒரு தாத்தா கரையில படுக்கவே விடல. சவுக்குத் தோப்புக்கு அந்தாண்ட போகச் சொன்னார். ஏன்னு நாங்க கேக்கல. அவர் வயசுக்கு அந்த ரெண்டு மார்கழியையும் பார்த்திருப்பார்.

அவர் சொன்னதுல இன்னொரு லாபமும் இருக்கு. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமை ராத்திரியில கரையேறி முட்டை போடுற சீசன். ஒரு குழிக்கு நூறு முட்டை பக்கம் இருக்கும். நாப்பத்தஞ்சு, அறுபது நாள்ல குஞ்சு பொரிச்சதும், எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுதான் கடல்னு நம்பி ஓடும். நாம கரையில கேம்ப் ஃபயர் போட்டு கிடார் வாசிச்சா அது நம்மகிட்ட வரும், செத்துப் போகும். அதனால மணல்ல நெருப்பு வேணாம், டார்ச்சும் வேணாம். தோப்புக்குள்ளயும் நெருப்பு கூடாது, காஞ்ச சவுக்கு இலை பத்திக்கிட்டா அவ்வளவுதான். பரோட்டா பார்சல் இருக்க பயமேன்?

பொண்ணுங்க எப்படி வருவாங்கன்னு எங்க க்ளாஸ்லயே சண்டை. ராத்திரி டென்ட்னு வீட்ல சொன்னா கதை முடிஞ்சது. பகல் முழுக்க ஒண்ணா மிதிச்சுட்டு, ராத்திரி பரங்கிப்பேட்டையில ஒரு ஃப்ரெண்டோட அம்மா வீட்ல அவங்க தங்கினாங்க. நியாயமான்னு கேட்டா, இல்லதான். ஆனா இறால் குழம்பு அவங்களுக்கு, ஆறிப்போன பரோட்டா எங்களுக்கு!

அப்புறம் அந்த முக்கியமான 'ரெண்டாவது' மேட்டர். ஸ்காட்லாந்து ரூட்ல இருக்கற கிராமத்துக்காரங்களோட பெரிய புலம்பலே டூரிஸ்ட் விட்டுட்டுப் போற குப்பையும் கழிவும்தான். கரையை நாறடிக்காம, ஊருக்குள்ள கழிப்பறைக்குக் கேட்டுப் போங்க. குப்பைக்கு ஒரு சாக்கு எடுத்துக்கோங்க.

வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பினா முதல் ராத்திரி பரங்கிப்பேட்டை, ரெண்டாவது சாமியார்பேட்டை, ஞாயிறு மதியம் கடலூர். திங்கட்கிழமை லேப்ல தூங்கி விழுந்தா என் பேரைச் சொல்லாதீங்க.