மண்ணுக்கும் ஒரு பங்கு



திருவண்ணாமலை மாவட்டத்தில் நவரை நெல் அறுவடையானபின், சம்பா நடவு வரையில் பல வயல்கள் வெறுமனே கிடக்கின்றன. கோடை மழை பெய்கிறது, களை முளைக்கிறது, ஆடு மாடுகள் மேய்கின்றன. நடவு முடிந்ததும் யூரியா மூட்டையைத் தேடிக் கடைக்கு ஓடுகிறோம். அந்த இடைவெளியில் 45 நாட்களை மண்ணுக்கென்றே ஒதுக்கினால் என்ன விளையும்? இம்மாதம் அதனைச் சிந்திப்போம்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதுவே பயிருக்குத் தழைச்சத்து. ஆயினும் நெற்பயிரால் அதனை நேரடியாக எடுத்துக்கொள்ள இயலாது. அவரைக் குடும்பத்துச் செடிகளுக்கு இறைவன் வேறொரு வழி வைத்திருக்கின்றான். அவற்றின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் குடியிருக்கிறது. செடி அதற்கு உணவளிக்கிறது. அது காற்றின் நைட்ரஜனைச் செடி ஏற்கும் வடிவில் மாற்றித் தருகிறது. இவ்வுண்மையை 1886ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் வெளியிட்டார்.

நம் மாவட்டத்தார் மல்லாட்டை என்றழைக்கும் நிலக்கடலையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால், அது சேர்த்த சத்தில் பெரும்பகுதி பருப்போடு சந்தைக்குப் போய்விடுகிறது. பசுந்தாள் உரப் பயிரோ முழுவதும் மண்ணுக்கே திரும்புகிறது.

தக்கைப்பூண்டு நெல்வயலுக்கு மிகவும் ஏற்றது. ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். நீர் தேங்காத நிலத்திற்குச் சணப்பையும், வறண்ட நிலத்திற்குக் கொளுஞ்சியும் பொருந்தும். ஒரு செடியைப் பெயர்த்து, வேர் முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நுண்ணுயிர் உழைக்கிறது என்று பொருள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதனைக் காட்டுங்கள். பூக்கும் தருணத்தில், ஏறத்தாழ 45ஆம் நாளில், மடக்கி உழுதுவிட வேண்டும். முற்றவிட்டால் தண்டு நாராகி, மட்கத் தாமதமாகும். உழுதபின் நீர் கட்டி, ஒரு வாரம் பத்து நாள் மட்கவிட்டு நடவு செய்யலாம்.

கணக்கையும் பார்ப்போம். 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 20 கிலோ தழைச்சத்து உண்டு. நன்கு வளர்ந்த தக்கைப்பூண்டு ஒரு ஏக்கரில் 25 முதல் 35 கிலோ வரை சேர்க்கும். இது முழுவதும் முதற்பயிருக்கே கிட்டிவிடாது. ஒரு பகுதி மண்ணில் தங்கி, பின்வரும் பயிர்களுக்கு மெல்லக் கிடைக்கும். ஆகவே யூரியாவை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். மண் பரிசோதனை செய்து படிப்படியாகக் குறையுங்கள். மட்கிய தழை மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தையும் காக்கும். யூரியாவால் அது இயலாது.

இத்தனை நன்மையிருந்தும் பலர் இதனைச் செய்யாததேன்? நம் சமுதாயத்தில் நிலமுள்ள குடும்பங்கள் சில நகரத்தில் வாழ்கின்றன; பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்கின்றனர். நிலம் ஓராண்டுக் குத்தகையில் விடப்படுகிறது. விதைச் செலவும் உழவுக் கூலியும் குத்தகைதாரர் தலையில். அதன் பலனோ அடுத்த ஆண்டு வேறொருவருக்கு. அவர் எப்படி விதைப்பார்? நிலம் ஆண்டுக்காண்டு மெலிகிறது. நாம் உழுபவரைக் குறை சொல்கிறோம்.

நம் மார்க்கம் உழைப்பின் சுமையைக் கணக்கில் கொள்கிறது. மழையால் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு ஜகாத். பாடுபட்டு நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கு. விதைத்ததிலிருந்து பறவையோ மனிதரோ கால்நடையோ உண்பதெல்லாம் தர்மம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அத்தகைய நிலத்தின் உயிரை உறிஞ்சிவிட்டு நம் மக்களுக்கு விட்டுச் செல்வது அமானிதத்தைப் பேணுவதாகுமா?

நிலமுடைய சகோதர சகோதரிகளே! குத்தகையை மூன்றாண்டுக்கேனும் எழுதிக் கொடுங்கள். பசுந்தாள் விதைச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்த "முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்" திட்டத்தில், பசுந்தாள் உர விதைகளை மானியத்தில் வழங்குவதும் இடம்பெற்றது. இவ்வாண்டு மானிய விதை உண்டா என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் மே மாதத்திலேயே விசாரியுங்கள். முதலில் அரை ஏக்கரில் தொடங்கிப் பாருங்கள்.

விளைச்சலில் நமக்கும் உழுபவருக்கும் பங்குண்டு, ஏழைக்கும் பங்குண்டு. மண்ணுக்கும் ஒரு பங்கு வைப்போம். அல்லாஹ் நம் நிலங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.