கொட்டகைப் பாதைக்கு இலை அச்சுக் கல்

“வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டகைக்குப் போகும் பாதை மழையில் சேறாகிவிடுகிறது. இலை அச்சு பதித்த சிமென்ட் கல்லை நாமே வார்த்துப் போடலாமா?”
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

தாராளமாகப் போடலாம். ஆனால் மனிதர் நடக்க மட்டும். மாடு மிதித்தால் தாங்காது.

ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், மூன்று பங்கு பொடி ஜல்லி. தண்ணீர் கூடினால் கல் பலமிழக்கும். கலவை கெட்டியாக இருக்கட்டும். எண்ணெய் தடவிய பழைய பேசினில் 2 அங்குலக் கனத்துக்கு நிரப்பித் தட்டிவிடுங்கள். ஆமணக்கு, தேக்கு, பப்பாளி இலைகள் அச்சுக்கு ஏற்றவை. நரம்பு புடைத்த அடிப்பக்கம் கலவையில் படும்படி வைத்து, கரண்டியால் அழுத்த வேண்டும். மேற்பரப்பை வழவழப்பாக்கிவிடாதீர்கள், பாசி பிடித்தால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். இலை இல்லாத இடத்தைத் துடைப்பத்தால் லேசாகக் கீறிவிடுங்கள்.

இலை பதிக்கப் பிள்ளைகள் ஆசையாக ஓடிவருவார்கள். ஈரச் சிமென்ட்டின் காரம் தோலைப் புண்ணாக்கும். ரப்பர் கையுறை இல்லாமல் தொடவிடாதீர்கள். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

மறுநாள் இலையை உரித்துவிட்டு, ஈரச் சாக்கு போர்த்தி 7 நாள் நனைத்து வாருங்கள். பிறகு மண்ணைத் தோண்டி, மணல் பரப்பி, தரைமட்டத்துக்குப் பதியுங்கள். மேடாக நின்றால் இருட்டில் கால் இடறும். இடைவெளிக்கு டேப் வேண்டாம்; வீட்டில் மூத்தவரை நடக்கச் சொல்லி, அவர் கால் படும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.